சவுனாவுக்குள் ஒரு சொடக்கு

திங்கட்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுச் சவுனாவுக்குள் உட்கார்ந்து லொரெட்டா பாடியது போல அவள் வேறு எங்கும் பாடி நான் கேட்டதில்லை. முப்பது வருடமாக அவள் பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசிக்கிறவள் சொல்கிறேன். கடைசி வரியில் குரலை மேலே கொண்டுபோய் அங்கேயே நிறுத்தினாள். எனக்குக் கை மயிரெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிறகு பதிவைப் போட்டுக் கேட்டோம். அந்த உச்சத்தின் நடுவில் 'டிக்' என்று ஒரு சொடக்கு, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டுகிற மாதிரி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. முதலிலிருந்து கேட்டால் பாட்டு முழுக்க அதே கதைதான்.

சவுனாவுக்குள் எதற்குப் பாட்டு என்று கனடாவின் தண்டர் பே ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். எங்களைப் போல ஃபின்லாந்து வழி வந்த குடும்பம் என்றால் கீழ்த்தளத்தில் கட்டாயம் ஒரு சவுனா இருக்கும். சுற்றிலும் தேவதாருப் பலகை, தடித்த கதவு, சன்னல் கிடையாது. சனிக்கிழமை கல்லடுப்பைக் காய வைத்து, கல்லின் மேல் தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டுவோம். மற்ற நாட்களில் அடுப்பு ஆறிக் கிடக்கும். அப்போது அந்த அறையைப் போல அமைதியான இடம் இந்த ஊரில் கிடையாது. அதனால்தான் என் கணவன் ரெய்யோ ஓய்வு பெற்றதும் அதைத் தன் ஒலிப்பதிவுக் கூடமாக அறிவித்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது பாட்டு விஷயம். வியாழக்கிழமை லொரெட்டாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. தைராய்டில் கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனால் குரல் நரம்பின் மேலேயே சாய்ந்து கிடக்கிறதாம். பேச்சு திரும்பிவிடும், பாட்டுக்கு நான் உத்தரவாதம் தரமுடியாது என்று மருத்துவர் நேராகச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர், பூசி மெழுகவில்லை. அதற்காக எனக்கு அவர் மேல் கோபம் இல்லாமல் இல்லை.

நாங்கள் மூன்று பேர்தான் இசைக்குழு. ரெய்யோ அக்கார்டியன், நான் பேஸ், லொரெட்டா குரல். இத்தாலிக்காரர்களின் கல்யாணம், எங்கள் ஆட்களின் கோடை விருந்து, துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டுவிழா என்று எல்லாவற்றிலும் வாசித்திருக்கிறோம். ஒன்றைக்கூடப் பதிவு செய்ததில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னோம். கட்டியைப் பற்றித் தெரிந்த அன்று லொரெட்டா என் சமையலறையில் உட்கார்ந்து, காப்பியைத் தொடாமல், ஒரே ஒரு பாட்டு போதும் என்றாள். அவள் தானே எழுதிய ஒரே பாட்டு. தானியக் கப்பலில் சமையல்காரராக இருந்த அவள் அப்பாவைப் பற்றிய வால்ட்ஸ், மூன்று எண்ணிக்கையில் சுழன்று ஆடுகிற மெட்டு.

"மத்த பாட்டெல்லாம் யாரோ எழுதுனது, யார் வேணாலும் பாடிக்கலாம்" என்றாள். "இது என்கிட்ட மட்டும்தான் இருக்கு, ஐலி. என் தொண்டை போச்சுன்னா இதுவும் போச்சு."

அதற்குமேல் எனக்கு வேறென்ன வேண்டும்? ஊரில் இருக்கும் ஒரே ஒலிப்பதிவுக் கூடம் கிறிஸ்துமஸ் வரைக்கும் நிரம்பியிருந்தது. அதனால் எங்கள் சவுனாதான் கதி.

ரெய்யோவின் கூடத்தில் இரண்டு பெட்டிகள். ஒன்று சிவப்பு. கணினிக்குப் பக்கத்தில், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று கறுப்பு. ஒரு வானொலி நிலையம் கழித்துக்கட்டிய பழைய சாமான், உள்ளே பழைய வானொலிகளில் இருப்பது போலக் கண்ணாடி வால்வு எரியும். அது சவுனாவுக்குள், மேல் பெஞ்சில். மைக், கிட்டார் எல்லாம் கறுப்பில் போய்ச் சேரும். அது ஒலியை எண்களாக மாற்றி ஒளிக்கம்பி வழியாகச் சிவப்புக்கு அனுப்பும், சிவப்பு கணினிக்குக் கொடுக்கும். சிவப்புக்கும் மைக் துளைகள் உண்டு. ஒரு கோடை விருந்தில் ரெய்யோவின் தம்பி அதன்மேல் பீரைக் கொட்டியதில் அவை செத்துப் போயின. ஆகவே கறுப்பை விட்டால் வழியில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ரெய்யோ ஏரிக்கரைக் குடிசையைக் குளிர்காலத்துக்குப் பூட்டப் போயிருந்தான். நானும் லொரெட்டாவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பொத்தானை ஒரே தட்டாகத் தட்டி, சும்மா ஒத்திகையாகப் பாடிப் பார்த்தோம். கறுப்புப் பெட்டியின் பச்சை விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று மட்டும் அவள் புகார் சொன்னாள். பதிவில் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை வழக்கம்போலப் பெட்டிகளை வெளியே எடுத்துவிட்டுக் குளித்தோம். ஞாயிற்றுக்கிழமை ரெய்யோ எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான். லொரெட்டாவின் கண்ணுக்காக அந்த விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டிக் கொடுத்தான். திங்கட்கிழமை சொடக்கு வந்தது.

ரெய்யோவுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. வருடக்கணக்காக இணையத்தில் இதே வேலைக்காரர்களோடு அரட்டை அடித்து, உலகத்தில் இருக்கும் எல்லாக் கோளாறும் தனக்குத் தெரியும் என்று நம்புகிறவன். திங்கள் மாலையே தொடங்கிவிட்டான். கணினிக்கு மூச்சு முட்டுகிறது, அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று எதையோ இரண்டு மடங்காக்கினான். சொடக்கு போகவில்லை. நான்கு மடங்காக்கினான். இப்போது லொரெட்டா பாடினால் அவள் குரல் அவளுடைய ஹெட்போனிலேயே தாமதமாக வந்தது. சொடக்கு மட்டும் அப்படியே இருந்தது. வைஃபையை அணைத்தான். வைரஸ் தடுப்பானை நிறுத்தினான். பேரன் படங்களைச் சேமித்து வைக்கும் நிரலைக் கணினியிலிருந்தே தூக்கி எறிந்தான். யுஎஸ்பி கம்பியை மாற்றினான், துளையை மாற்றினான், ஒளிக்கம்பியைத் துடைத்தான்.

செவ்வாய்க்கிழமை மின்சாரத்தின் மேல் சந்தேகம் திரும்பியது. வீட்டு ஹீட்டரை நிறுத்தச் சொன்னான். நவம்பர் மாதம், வெளியே பனி. நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேஸ் வாசித்தேன். விளக்குகளை அணைத்தான். ஃப்ரீசரைப் பிடுங்கினான். அதைத் திரும்பச் செருக மறந்தான். மாலையில் ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் ஓடி வந்தபோதுதான், அந்த இலையுதிர்காலத்தில் அவன் வேட்டையில் சுட்ட மூஸ் மான் முழுக்க இளகிக் கிடப்பது தெரிந்தது. நான் பள்ளிப் பேருந்து ஓட்டிக் காலத்தைக் கழித்தவள், நாற்பது பிள்ளைகளை ஒரு சத்தத்தில் அடக்குவேன். அந்தச் சத்தத்தை அன்று கீழ்த்தளத்தில் போட்டேன். பிறகு வீட்டில் இருந்த பெரிய பானையை எல்லாம் எடுத்து மூஸ் குழம்பு வைத்தேன்.

சொடக்கு அசையவில்லை. இணையத்துக் கூட்டாளிகள் ஒருமனதாக, பழைய குப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்றார்கள். ரெய்யோ புதுசுக்கு ஆர்டரும் கொடுத்தான். அது வெள்ளிக்கிழமை வருமாம். வியாழக்கிழமை தொண்டையை அறுக்கப் போகிறார்கள், பெட்டி வெள்ளிக்கிழமை வருகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புதன்கிழமை காலை லொரெட்டா வந்தபோது ரெய்யோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். கைப்பேசியிலேயே பதிவு செய்துவிடலாமா என்று அவளே கேட்டாள். அவன் அடி வாங்கினவன் போல ஆகிவிட்டான். கடைசியாக இன்னொரு கம்பி வாங்கிப் பார்க்கிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். லொரெட்டா மேலே சோபாவில் படுத்துக் குரலுக்கு ஓய்வு கொடுத்தாள். மறுநாள் விடியற்காலையில் அவள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது அந்த ஒரு பகல்தான்.

நான் கீழே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திங்கட்கிழமைப் பதிவை மறுபடி கேட்டேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமல்தான் கேட்டேன். ஆனால் பேஸ் வாசிக்கிறவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எது கேட்டாலும் கால் தானாகத் தாளம் போடும். என் கால் பாட்டை விட்டுவிட்டுச் சொடக்குக்குத் தாளம் போட ஆரம்பித்தது. போட முடிந்தது. அதுதான் விஷயம். ஒரு சொடக்குக்கும் அடுத்ததுக்கும் இடையில் எப்போதும் ஒரே இடைவெளி. பாட்டு ஓங்கினாலும் அடங்கினாலும், லொரெட்டா மூச்சு வாங்க நிறுத்தினாலும் அது தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மூச்சு முட்டுகிறவன் இப்படி இருமமாட்டான், அவன் தாறுமாறாக இருமுவான். இது யாரோ தனக்கென்று ஒரு தாளம் வைத்துக்கொண்டு, எங்களோடு சேராமல், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகி, ஒரு கட்டத்தில் தடுக்கி விழுகிற சத்தம். இந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடமாக ரெய்யோவோடு வாசிக்கிறேன்.

ஏனென்றால் ரெய்யோ வால்ட்ஸில் முந்துவான். லொரெட்டா சொல்வாள், நான் சொல்வேன், ஆடுகிறவர்களின் கால் சொல்லும். அவன் மட்டும் ஒப்புக்கொண்டதே இல்லை. அவன் சரியாகத்தான் போகிறானாம், நான்தான் பின்னால் இழுக்கிறேனாம்.

பிறகு வெள்ளிக்கிழமை ஒத்திகையைப் போட்டேன். முதலிலிருந்து கடைசிவரை சுத்தம். அதே கணினி, அதே பெட்டிகள், அதே கம்பி, ஓடிக்கொண்டிருந்த அதே ஃப்ரீசர். வெள்ளிக்கும் திங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை ரெய்யோ வீட்டில் இல்லை.

அவன் கடையிலிருந்து வந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவன் என்ன செய்கிறான் என்று மட்டும் பார்த்தேன். பூட்ஸைக் கழற்றினான். கணினியைத் தொடவில்லை, சிவப்பைத் தொடவில்லை. நேராகச் சவுனாவுக்குள் போய்க் கறுப்புப் பெட்டியின் பொத்தானை மட்டும் தட்டிவிட்டான், வெளியே வந்து கதவைச் சாத்தினான், காப்பி குடிக்கலாமா என்றான்.

"இப்ப என்ன பண்ணுன?" என்று கேட்டேன்.

"பெட்டியப் போட்டேன். வால்வு காயணும்ல. அரை மணி நேரம் காஞ்சாதான் சத்தம் நல்லா வரும்."

"தினமும் இப்படித்தான் பண்றியா?"

"காயாத சவுனாவுக்குள்ள எவனாவது போவானா?" என்றான், என்னமோ நான்தான் மண்டு என்கிற மாதிரி.

நான் எழுந்து உள்ளே போனேன். கறுப்புப் பெட்டியின் முகத்தில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிளப்பினேன். வெள்ளிக்கிழமை லொரெட்டாவின் கண்ணைக் குத்திய பச்சை விளக்கு அங்கே இல்லை. அதே இடத்தில் ஆரஞ்சு நிறம் எரிந்துகொண்டிருந்தது. ரெய்யோவை உள்ளே கூப்பிட்டு, இது எதற்கு ஆரஞ்சாக இருக்கிறது என்று கேட்டேன்.

அவன் குனிந்து பார்த்தான். பார்த்தபடியே கீழ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். காது இரண்டும் சிவந்துபோயின. பிறகு மெதுவாகச் சொன்னான். இரண்டு பெட்டிக்குள்ளும் ஒவ்வொரு கடிகாரம் இருக்கிறது. ஒலியை எண்ணாக்குவது அந்தக் கடிகாரத்தின் தாளத்துக்குத்தான். இரண்டும் ஒரே தாளத்தில் போக வேண்டுமானால் ஒன்று முன்னால் போகவேண்டும், மற்றது அதைப் பின்பற்ற வேண்டும். கறுப்பு விழித்ததும் சிவப்பின் தாளம் வருகிறதா என்று ஒரு தடவை தேடும். வந்தால் பச்சை, பின்னாலேயே போகும். சிவப்பு அப்போது தூங்கிக்கொண்டிருந்தால் ஆரஞ்சு. தன் கடிகாரத்தையே பிடித்துக்கொள்ளும். அப்புறம் சிவப்பு எழுந்து எத்தனை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது.

வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டையும் ஒரே பொத்தானில் எழுப்பியிருக்கிறோம். இவன் தினமும் கறுப்பை மட்டும் அரை மணி நேரம் முன்னால் எழுப்பி, சவுனா மாதிரிக் காய வைத்திருக்கிறான். உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே விளக்கின்மேல் டேப்பும் ஒட்டியிருக்கிறான்.

"அப்ப யாராவது ஒருத்தர் பின்னால போகணும்" என்றேன்.

"ஆமா."

"ரெண்டு பேரும் நான்தான் சரின்னு நின்னா?"

"சொடக்கு விழும்." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. முப்பது வருடக் கணக்கு இருந்தது, ஒரு மூஸ் மான் இருந்தது. ஆனால் மேலே லொரெட்டா படுத்திருந்தாள், பகல் நகர்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் அணைத்தேன். முதலில் சிவப்பைப் போட்டேன், பிறகு கறுப்பைப் போட்டேன். ஆரஞ்சு ஒரு கணம் மினுக்கி, பச்சையாகி, அப்படியே நின்றது. உலகத்தில் எனக்கு அவ்வளவு அழகான பச்சை தெரியாது. ரெய்யோ வாய்க்குள் ஃபின்னிஷ் மொழியில் ஏதோ திட்டினான். அது வீட்டில் திட்டக்கூடிய வார்த்தை இல்லை, ஆனாலும் விட்டுவிட்டேன்.

சோதனைக்கு நான் வெறுமனே மைக் முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நீட்டி நீட்டிச் சொன்னேன். இருவரும் ஆளுக்கொரு ஹெட்போனில் தலையைக் குனிந்து கேட்டோம். என் காலால் தாளம் போட எதுவும் இல்லை. ரெய்யோ என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தான், இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று இறக்கிவிட்டான். லொரெட்டாவை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று நான் அதட்ட வேண்டியிருந்தது. வால்வு காயத்தான் வேண்டும் என்று ரெய்யோ அப்போதும் அடம்பிடித்தான். சரி, பச்சையிலேயே காயட்டும் என்று விட்டுவிட்டு மூன்று பேரும் மூஸ் குழம்பு சாப்பிட்டோம்.

லொரெட்டா கீழ் பெஞ்சில் உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே, துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றோம். நான் தலையசைத்ததும் ரெய்யோ அக்கார்டியனைத் தொடங்கினான், நான் பேஸோடு சேர்ந்துகொண்டேன், உள்ளே லொரெட்டா ஹெட்போனில் எங்களைக் கேட்டுப் பாடினாள். அன்று அவள் குரல் திங்கட்கிழமையைப் போல இல்லை. அதைவிடத் தணிந்து இருந்தது, அவசரமே இல்லாமல் இருந்தது, பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் பேசுவது போல இருந்தது. அப்பா கப்பலின் பின்தளத்தில் நின்று உருளைக்கிழங்கு உரிக்கிற வரியில் கொஞ்சம் சிரித்தாள். கடைசி வரியில் துறைமுகத்திலிருந்து கப்பலைக் கூப்பிடுகிற இடத்தில் குரல் ஏறியது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்தச் சத்தம் முடிந்து, அறையும் அடங்கிய பிறகுதான் ரெய்யோ பதிவை நிறுத்தினான்.

நானும் ரெய்யோவும் கேட்டோம். முதலிலிருந்து கேட்டோம், உச்சத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டோம். ஒரு தூசி இல்லை. நான் அழுதேன், வெட்கப்படாமல் அழுதேன். ஜெயித்துவிட்டோம் என்று கத்த வேண்டும்போல இருந்தது. லொரெட்டா மட்டும் கேட்க மறுத்துவிட்டாள். கேட்டால் இன்னொரு தடவை பாடத் தோன்றும், நாளைக்குக் கண்விழித்தபிறகு கேட்கிறேன் என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வியாழக்கிழமை மாலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கழுத்தில் கட்டுப் போட்டு, வெளிறிப்போய், தலையணையில் சாய்ந்திருந்தாள். கட்டியை முழுசாக எடுத்தாகிவிட்டது, நரம்பு அறுபடவில்லை, ஆனால் நசுங்கியிருக்கிறது, குரல் எப்போது எவ்வளவு வரும் என்று போகப்போகத்தான் தெரியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கண் விழித்ததிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை என்று நர்ஸ் சொன்னாள். முயற்சி செய்யப் பயம். அது எனக்குப் புரிந்தது.

ரெய்யோ பையிலிருந்து ஹெட்போனை எடுத்து அவள் காதில் மெதுவாக மாட்டினான். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். உருளைக்கிழங்கு வரியில் உதடு அசைந்தது. கடைசி வரி நெருங்கியதும் ஒரு விரலைத் தூக்கிப் பிடித்தாள், சொடக்கு விழப்போகிறது, பார் என்கிற மாதிரி. விரல் அப்படியே நின்றது. எதுவும் விழவில்லை. விரலை மடக்கிக்கொண்டாள். இரண்டு கண்ணும் நிறைந்து வழிந்தது. அவளுடைய பாட்டு பத்திரமாக இருக்கிறது, இனி எந்தக் கத்தியாலும் அதைத் தொட முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள், ரெய்யோவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். வந்தது குரல் என்று சொல்ல முடியாது, துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒன்று வந்தது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது.

"ரெய்யோ... வேகமா... போறான்."

நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். ரெய்யோ குனிந்து தன் பெரிய கைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது, சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. பிறகு நிமிர்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்தான்.

"ஆமா லொரெட்டா" என்றான். "போயிட்டேன்."

முப்பது வருடத்தில் அவன் அதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.